வலிப்பு நோயும் நாட்டின் மருத்துவ ஏற்பாடும்

தமிழில் வலிப்பு நோய்க்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. ஊர் வழக்கில் காக்கை வலிப்பு என்பர். பழைய வழக்கில் முயலகன் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆடல்வல்லானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் குறளுருவத்துக்கும் அதுவே பெயர். வடமொழியாளர் அவ்வுருவத்தையும் நோயையும் அபஸ்மாரம் என்ற ஒரே சொல்லால் குறித்தனர். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருப்பாச்சிலாச்சிராமத்தில், கொல்லி மழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்தருளினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. சரக சம்ஹிதையில் அபஸ்மாரத்துக்கெனத் தனி அத்தியாயம் இருக்கிறது. ஆகவே இந்நோய் நம் முன்னோர் அறியாத ஒன்றன்று.

அறிந்திருந்தும் நாம் அதற்கு அஞ்சினோம். நோயுற்ற பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். நோயுற்ற பெண்ணை வீட்டின் உள்ளறையில் மறைத்தோம். தெருவில் ஒருவர் விழுந்து துடித்தால், கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு விலகி நின்றோம். இந்த அச்சத்திலிருந்து மருத்துவத்துக்கு வந்து சேர நம் நாடு எந்த வழியில் நடந்தது, அவ்வழி இன்று எதுவரை அமைந்திருக்கிறது என்பதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம். சொந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்செய்தி சிறப்பாகப் பயன்படும் என்று கருதுகிறோம்.

முதலில் நோயின் இயல்பைச் சொல்லிவிடுவோம். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று நுண்ணிய மின்னோட்டத்தால் பேசிக்கொள்கின்றன. அந்த ஓட்டம் ஒரு கணம் கட்டுக்கடங்காமல் பொங்கிவிடுமானால் அதுவே வலிப்பு. சிலருக்கு உடல் முழுவதும் வெட்டி இழுக்கும். சிலர் சில விநாடிகள் வெறித்த பார்வையுடன் பேச்சற்று இருப்பர். இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் தன்மையைத்தான் வலிப்பு நோய் என்கிறோம். இதில் பேயுமில்லை, பைத்தியமுமில்லை, தொற்றுமில்லை.

இதற்கு மருந்து கிடைத்த வரலாறும் மிகப் பழையதன்று. 1857இல் இங்கிலாந்தில் சார்லஸ் லோகாக் என்பவர் புரோமைடு உப்பு பயன்தருவதை எடுத்துரைத்தார். 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெட் ஹவுப்ட்மன், தூக்க மருந்தாக வழங்கிவந்த பீனோபார்பிடோன் வலிப்பை அடக்குவதைக் கண்டார். 1929இல் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானியர், மண்டையோட்டின் மேலிருந்தே மூளையின் மின்னலைகளைத் தாளில் வரைந்து காட்டும் முறையை வெளியிட்டார். 1938இல் அமெரிக்காவில் பெனிடாயின் என்ற மருந்தின் பயன் நிறுவப்பட்டது. இவ்வளவும் நடந்த காலத்தில் நம் நாட்டில் நரம்பியலுக்கெனத் தனித் துறை ஏதும் வேரூன்றவில்லை. மனநோய் மருத்துவமனைகளில் அடைபட்டவர்களுள் வலிப்பு நோயாளரும் இருந்தனர். மற்றவர்களுக்குக் கோயிலும் மந்திரமுமே புகலாயின.

நாடு விடுதலை பெற்ற பின்னர் நிலைமை மாறியது. 1949இல், கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் புகழ்பெற்ற வைல்டர் பென்பீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய முதல் துறை அதுவே. அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். 1951இல் இவ்விருவரும், டாக்டர் எஸ். டி. நரசிம்மனும், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். பரந்த இந்நாட்டின் நரம்பு மருத்துவம் நான்கு பேர் கூடிய ஒரு சிறு சங்கத்திலிருந்து வளர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1952 ஆகஸ்டு மாதத்தில் வேலூரில் வலிப்பு நோய்க்கான முதல் அறுவை மருத்துவத்தை டாக்டர் சாண்டி செய்து முடித்தார்.

அதே 1952ஆம் ஆண்டில், மருத்துவத்தின் மறு எல்லையில் வேறொரு தொடக்கமும் நிகழ்ந்தது. 1943இல் அமைக்கப்பட்ட சர் ஜோசப் போர் குழு, 1946இல் தன் அறிக்கையை அளித்தது. பணம் கொடுக்க இயலாதவர் என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பதும், கிராமத்தின் அருகில் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேல் இரண்டாம் நிலை மருத்துவமனை, அதற்கும் மேல் மாவட்ட மருத்துவமனை என்று படிப்படியாக ஏற்பாடு அமைய வேண்டும் என்பதும் அக்குழுவின் கருத்து. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோது, அத்திட்டத்தின் பகுதியாக ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றலாயின.

ஆக, ஒரே ஆண்டில், ஓரிரு மாத இடைவெளியில், ஏணியின் உச்சிப்படியும் அடிப்படியும் இடப்பட்டன. உச்சியில், மண்டையைத் திறந்து நோயின் ஊற்றை அகற்றும் கலை. அடியில், கிராமத்தானுக்கு மாத்திரை கொடுக்கும் ஓர் எளிய நிலையம். இவ்விரண்டுக்கும் இடையில் படிகளே இல்லை. வலிப்பு மருத்துவத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த இடைப்படிகளை இடுவதற்கு நிகழ்ந்த முயற்சி என்றே சொல்லலாம்.

முதலில் வளர்ந்தது உச்சிதான். 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றியது. அது 1974இல் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டு, மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் உரிய தேசிய நிறுவனமாயிற்று. நிம்ஹான்ஸ் என்று யாவரும் அழைப்பது அதனையே. 1956இல் தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நிறுவப்பட்டது. பெருநகரங்களின் மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் நரம்பியல் துறைகள் ஏற்பட்டன. ஆயினும் நோயாளிகள் பெரும்பாலோர் வாழ்ந்தது கிராமங்களில். நகரத்து நிபுணரைக் காண்பதற்கு ஒரு நாள் கூலியும் ரயில் கட்டணமும் இழந்து வந்தவர், மறுமுறை வர மனமின்றி மருந்தை நிறுத்திவிடுவார். வலிப்பு மருந்தோ பல ஆண்டுகள் நாள்தோறும் உண்ண வேண்டியது. ஒருமுறை நிபுணரைக் காண்பதால் தீரும் நோயன்று இது என்பதே எல்லாத் தொல்லைக்கும் மூலமாயிற்று.

மருத்துவ உலகில் இதற்கு ஒரு கணக்குண்டு. நோய் இருந்தும் உரிய மருத்துவம் பெறாதவரின் பங்கைச் சிகிச்சை இடைவெளி என்பர். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நகரத்து நடுத்தர மக்களிடையே அது ஏறத்தாழ 22 சதவீதமாகவும், சில கிராமங்களில் 90 சதவீதம் வரையிலும் காணப்பட்டிருக்கிறது. நோய் ஒன்று, மருந்தும் ஒன்று. இருக்கும் இடம் மாத்திரமே வேறு.

இந்த இடைவெளியை நிரப்ப நிபுணர்களே கிராமத்துக்குப் போகத் தலைப்பட்டனர். நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 1980களில் கர்நாடகத்தின் கௌரிபிதனூர் முதலிய சிற்றூர்களில் கிளை மருத்துவ முகாம்களை நடத்தினர். பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர்களுக்குப் பயிற்சியளித்து, மனநோயையும் வலிப்பையும் அவர்களே பார்க்கும்படி செய்து காட்டினர். அந்த அனுபவத்தை அடியொற்றியே 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் தொடங்கப்பெற்றது. டாக்டர் கே. எஸ். மணி என்ற பெங்களூர் நரம்பியல் நிபுணர், எளந்தூர் வட்டாரத்துக் கிராம மக்களிடையே பணிபுரிந்து, பீனோபார்பிடோன், பெனிடாயின் ஆகிய மலிவான பழைய மருந்துகளைக் கொண்டே நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரை நீண்ட காலம் வலிப்பின்றி வாழச் செய்யலாம் என்று காட்டினார். லான்செட் என்ற மருத்துவ ஏடு 2001இல் அவ்வாய்வை வெளியிட்டது. பெரிய கருவியின்றி, பெரிய கட்டடமின்றி, மாத்திரையும் இடைவிடாத கவனிப்பும் கொண்டு செய்யப்பட்ட பணி அது.

இருப்பினும் மாத்திரைக்கு அடங்காத வலிப்பும் உண்டு. தக்க மருந்துகள் இரண்டை உரிய அளவில் கொடுத்தும் அடங்காத நோயை, மருந்துக்கு வசப்படாத வலிப்பு என்று நிபுணர் வகுத்துள்ளனர். நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இவ்வகையினர். இவர்களுக்காகவே உச்சிப்படி வேண்டியிருக்கிறது. வேலூரில் தொடங்கிய வலிப்பு அறுவை மருத்துவம் நெடுங்காலம் ஓரிரு இடங்களில் மட்டும் நடந்துவந்தது. 1995இல் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், டாக்டர் குருப்பத் ராதாகிருஷ்ணனின் தலைமையில் அது புத்துயிர் பெற்றது. அதே காலத்தில் தில்லி மருத்துவக் கழகத்திலும் இப்பணி ஊன்றியது.

அங்கு நடப்பது என்ன என்பதைச் சற்று விளக்குவோம். நோயாளியைப் பல நாள் தங்கவைத்து, இரவும் பகலும் மூளை மின்னலையையும் உடலசைவையும் ஒருங்கே படம் பிடிக்கிறார்கள். வலிப்பு எந்தப் புள்ளியில் பிறக்கிறது என்பது அதனால் தெரியும். காந்த அதிர்வுப் படத்தில் அவ்விடத்தில் வடு உண்டா என்று பார்க்கிறார்கள். அப்பகுதியை அகற்றினால் பேச்சும் நினைவும் கெடுமா என்பதை உளவியல் வல்லுநர் சோதிக்கிறார். பிறகு நரம்பியல் மருத்துவர், அறுவை நிபுணர், படத்துறை வல்லுநர், உளவியலார், சமூகப் பணியாளர் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்கின்றனர். தனியொருவரின் கைத்திறனை மட்டும் நம்பி நடப்பதன்று இது; குழுவின் வேலை. தகுந்த நோயாளியைத் தேர்ந்தெடுத்தால் பல்லாண்டு துன்பம் நீங்குகிறது. குறிப்பாக, காதுக்கு மேற்புறமாக அமைந்த மூளை மடலில் வடு உள்ளவர்கள் பெரும் பயன் அடைகின்றனர்.

மருத்துவம் வளர்ந்த அளவுக்குச் சட்டம் வளரவில்லை என்பதையும் வரலாற்றில் குறிப்பிட வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் மணம் செய்துகொள்ளத் தகுதியற்றவர் என்ற விதி இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் நுழைந்தது. பைத்தியம் என்ற சொல்லுக்கு அருகிலேயே வலிப்பு என்ற சொல்லும் வைக்கப்பட்டது. மருந்தால் அடங்கும் ஒரு நோய், மணத்தையே செல்லாததாக்கும் காரணமாயிற்று. 1970இல் தோன்றிய இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் முதலியோர் இதை எதிர்த்து உழைத்தனர். 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அச்சொல் இரு சட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஏட்டில் இருந்த அச்சம் ஏட்டினின்று போயிற்று; மனத்தினின்று போக இன்னும் காலமாகிறது.

இன்றைய நிலையைப் பார்ப்போம். இந்தியாவில் வலிப்பு நோயுற்றவர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். நரம்பியல் நிபுணர்களோ சில ஆயிரம் பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் இருக்கின்றனர். ஆகவே ஒவ்வொரு நோயாளியையும் நிபுணரே பார்ப்பது என்பது நடவாத காரியம். ஏணியின் முறை பின்வருமாறு அமைய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயை ஐயுற்று அறிதலும், மாதாமாதம் மருந்து வழங்குதலும். மாவட்ட மருத்துவமனையில் நோயை உறுதிசெய்து மருந்தைத் தொடங்குதல். மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் நிபுணரின் ஆய்வு. இரண்டு மருந்துக்கும் அடங்காதவருக்கு மட்டும் உயர்நிலைய மருத்துவம். 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், சிற்றூர் நல நிலையங்களின் கடமைகளில் மனநோயும் நரம்பு நோயும் சேர்க்கப்பட்டுள்ளன. இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவ ஏற்பாட்டால், கிராமத்து நிலையத்திலிருந்தபடியே நகரத்து மருத்துவரைக் கலந்து பேசவும் வழி ஏற்பட்டுள்ளது. 1991இல் ஓடத் தொடங்கிய லைப்லைன் எக்ஸ்பிரஸ் என்ற மருத்துவ ரயிலிலும், தில்லிக் கழகத்து நரம்பியல் நிபுணர் மம்தா பூஷண் சிங் முதலியோரின் முயற்சியால், சிறு நிலையங்களில் வண்டியை நிறுத்தி வலிப்பு மருத்துவம் நடைபெற்றிருக்கிறது.

எனினும் குறைகளை மறைக்கலாகாது. ஏட்டில் உள்ள படிகள் எல்லா மாவட்டங்களிலும் ஒன்றுபோல் இல்லை. மிக மலிவான மருந்தே சில வேளை கிடைப்பதற்கு அரிதாகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் பீனோபார்பிடோன் இடம் பெற்றிருப்பதால், கணக்கு விதிகளுக்கு அஞ்சிச் சிறு மருந்துக்கடைகள் அதை வாங்கி வைக்கத் தயங்குகின்றன. ஆண்டுக்கு ஐந்து டாலருக்கும் குறைவான செலவில் ஒருவருக்கு மருத்துவம் செய்ய இயலும் என்றும், தக்க மருந்து பெறுவோரில் 70 சதவீதத்தினர் வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவ்வளவு மலிவான மருத்துவம் இருந்தும் இடைவெளி நீடிப்பது, வறுமையால் மட்டுமன்று, ஏற்பாட்டின் குறையாலும்தான். உலக நாடுகள் 2022இல் ஏற்றுக்கொண்ட செயல்திட்டம், 2031க்குள் வலிப்பு மருத்துவம் எட்டும் அளவை 2021இல் இருந்ததைவிட 50 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது.

நோயே வராமல் தடுக்கும் வழியும் இந்த ஏற்பாட்டில் அடங்கும். நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கிய காரணம் நாடாப்புழு. அதன் முட்டை, கழுவாத காய்கறியிலும் அசுத்த நீரிலும் கலந்து வயிற்றினுள் சென்றால், அதன் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கிவிடும். புலால் உண்ணாதவருக்கும் இது வரும். ஆகவே கழிப்பிடமும் தூய நீரும் வலிப்பு மருத்துவத்தின் முதல் படிகள் எனலாம்.

இனி, வெளிமாநிலத்து நேயர்களுக்கு. மதுரையில் பிள்ளைக்கு மருத்துவம் பார்த்துவந்த ஒரு குடும்பம் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு பார்ப்பதிலும் பள்ளி தேடுவதிலும் ஒரு வாரம் கழிகிறது. மருந்து தீர்ந்துவிடுகிறது. புதிய ஊரில் யாரைக் கேட்பது, எம்மொழியில் சொல்வது என்று தயங்கியிருக்கும் வேளையில், நான்கு ஆண்டு வராதிருந்த வலிப்பு ஒருநாள் மீண்டும் வருகிறது. மருந்தைத் திடீரென நிறுத்துவதால் வலிப்பு நில்லாமல் தொடர்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஏணியில் ஏறியவர் ஊர் மாறும்போது கீழே விழும் இடம் இதுவே.

அதைத் தவிர்க்கும் வழி எளியது. புறப்படுமுன் ஒரு மாதத்துக்குக் குறையாத மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் வணிகப் பெயரை மட்டுமின்றி, மூலப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், மூலப்பெயர் மாறாது. மின்னலை வரைவு, காந்தப் படம் ஆகியவற்றின் அறிக்கைகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். புதிய ஊரில் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள். பெரிய நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. மருந்துக்கு அடங்காத நோயானால் அவர்களே மேலே அனுப்புவர். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுக்கு உரிய குடும்பத்தினர், அத்திட்டத்தில் சேர்ந்துள்ள எம்மாநிலத்திலும், பட்டியலிலுள்ள மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெறலாம்.

மணமாகிப் புகுந்த வீட்டுக்குச் செல்லும் பெண்ணைப் பற்றித் தனியே ஒரு சொல். நோயை மறைப்பதற்காக மாத்திரையையும் மறைத்து, பிறகு நிறுத்திவிடும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அதனால் நேரும் தீங்கு மிகப் பெரிது. சட்டம் இன்று அப்பெண்ணின் பக்கமே நிற்கிறது. கருவுறும் எண்ணம் உள்ளவர்கள் அதற்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும்; வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடும் என்பதால், வேறு மருந்துக்கு மாற்றித் தருவர். தாமாக மருந்தை நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

கண்முன் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் செய்ய வேண்டியது சிறிதே. சாவியும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். வாயில் எதையும் திணிக்கலாகாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அவர் தெளிவு பெறும் வரை பக்கத்திலிருங்கள்.

நடராசர் உருவத்தில் முயலகன் கொல்லப்படவில்லை. திருவடியின் கீழ் அடக்கப்பட்டே இருக்கிறான். வலிப்பு நோயாளருள் பெரும்பாலோருக்கு மருத்துவம் தருவதும் அதுவே. நாள்தோறும் தவறாது உண்ணும் ஒரு மாத்திரையால் நோய் அடங்கிக் கிடக்கிறது. அதன் மேல் நின்று அவர் படிக்கிறார், தொழில் செய்கிறார், குடும்பம் நடத்துகிறார். 1952இல் இட்ட இரு முனைகளுக்கும் இடையே படிகளை இடுவது அரசின் கடமை. அப்படியில் கால் வைத்தவரைக் கைவிடாமல், மருந்து தீருமுன் வாங்கி வருவதும், மறைக்காமல் அழைத்துச் செல்வதும் வீட்டாரின் கடமை. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ஏணி ஏணியாகும்.